மலையில் கோல்ப் ஆட வருவோருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவிலோ கண்டிக்கு அருகிலுள்ள திகனையிலோ கோல்ப் ஆடிவிட்டுத் திரும்பும் விருந்தினர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று குறைகள் தவறாமல் வரும். பந்து நிறையத் தொலைந்துவிட்டது. அடித்த பந்து நினைத்த இடத்தில் விழவில்லை. மழை வந்து பாதி ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது. இந்த மூன்றுக்கும் மைதானத்தின் மீது பழி போடுவது நியாயமில்லை. வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஹோட்டல்காரரும் பயண முகவரும் கட்டணத்தையும் காட்சியையும் சொல்வார்கள். உயரம், ஈரம், இடி, கெடி (பையைத் தூக்கிக்கொண்டு உடன் வருபவர்) ஆகிய நான்கையும் பற்றி வாய் திறப்பதில்லை. கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்மவர்களில் இந்த ஆட்டம் ஆடுபவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து வருவோரும் உண்டு. அவர்களுக்காகவும் அவர்களை அழைத்துவரும் உறவினர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் உயரம். 1889இல் தொடங்கிய நுவரெலியா கோல்ப் கழகத்தின் 18 குழி மைதானம் நகரின் நடுவிலேயே, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,890 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று மெலிந்திருப்பதால் அது அதிக தூரம் போகும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு வீதத்தைவிடச் சற்றுக் கூட என்று கணக்கு வைத்தால், நுவரெலியாவில் 7 வீதம் வரை கூடும். கொழும்பில் 7ஆம் இலக்க அயன் மட்டையால் 140 யார் அடிப்பவருக்கு இங்கே 150 யார் கிடைக்கும். ஒரு மட்டை வித்தியாசம் அது, அதாவது ஓர் இலக்க மட்டைக்கும் அடுத்த இலக்க மட்டைக்கும் இடையிலுள்ள தூரம். குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல் தளமான கிரீனைத் தாண்டிப் பின்னாலுள்ள மரங்களுக்குள் பந்து போவதற்கு இதுதான் காரணம். ஆட்டக்காரரோ கை தவறிவிட்டது என்று நினைத்து அடுத்த குழியில் அடிக்கும் முறையையே மாற்றப் பார்ப்பார். கோளாறு அங்கிருந்துதான் ஆரம்பம்.

இந்தக் கணக்கை முழு நாளுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. குளிர் எதிர்ப்பக்கம் இழுக்கும். காலை ஏழு மணிக்கு 12, 13 பாகை செல்சியஸில் ஆடும்போது காற்று இறுகியிருக்கும், பந்தின் உட்பகுதியும் விறைத்திருக்கும். கூடுகிற தூரத்தில் மூன்று நான்கு யார் அப்போது குறையும். எனவே காலையில் அரை மட்டை குறைத்து, வெயில் ஏறிய பிறகு ஒரு மட்டை குறைத்து எடுப்பது சரியாக வரும். பந்துகளை இரவு முழுக்க வாகனத்தின் டிக்கியில் விட்டுவிடாமல் அறைக்குள் எடுத்து வையுங்கள். ஆடும்போதும் மாற்றுப் பந்தைக் காற்சட்டைப் பையில் வைத்திருங்கள். மெலிந்த காற்றில் இன்னொன்றும் நடக்கும்: பந்து வலப்பக்கமோ இடப்பக்கமோ வளைவது குறையும். வழக்கமாக வலப்பக்கம் வளைத்து அடிக்கிறவர் அதற்கு ஈடாக இடப்பக்கம் நிறையக் குறிவைத்தால், பந்து திரும்பி வராமல் இடப்பக்கமே நின்றுவிடும்.

மேடு பள்ளத்துக்குத் தனிக் கணக்கு. கிரீன் பத்து யார் கீழே இருந்தால் தூரத்தில் பத்து யாரைக் கழியுங்கள். மேலே இருந்தால் கூட்டுங்கள். வலக்கைக்காரருக்குப் பந்து காலைவிட உயரத்தில் கிடந்தால் அடி இடப்பக்கம் இழுக்கும். மட்டையை ஓரங்குலம் கீழிறக்கிப் பிடித்து, சற்று வலப்பக்கம் குறிவைக்க வேண்டும். காலைவிடப் பந்து தாழ்ந்து கிடந்தால் இதற்கு நேர்மாறு. அப்போது முழங்கால் மடிப்பைக் கடைசி வரை நிமிர்த்தக் கூடாது, நிமிர்ந்தால் பந்தின் தலையில்தான் படும்.

நுவரெலியா மைதானத்தின் மொத்த நீளம் 5,500 யாருக்குச் சற்று மேல். இன்றைய மைதானங்களோடு பார்த்தால் இது குட்டை. ஸ்கோர் கார்ட்டில் இந்த எண்ணைப் பார்த்தவுடன் எல்லாக் குழிக்கும் மிகத் தூரம் அடிக்கும் மட்டையான ட்ரைவரை உருவுகிறார்கள். பந்து தொலைவது அதனால்தான். சைப்பிரஸும் யூக்கலிப்டஸும் பைனும் நெருங்கி நிற்கும் ஒடுங்கிய பாதைகள் அவை, ஓடையும் குறுக்கிடும். 190 யார் நேராகப் போகிற 5ஆம் இலக்க வுட் அல்லது ஹைபிரிட் போதும். உயரமே மிச்சத் தூரத்தைக் கொடுத்துவிடும். மரத்துக்குள் போன பந்தைத் தேட மூன்று நிமிடம்தான் என்பது 2019 முதல் விதி. ஐந்து நிமிடம் என்று பழைய ஞாபகத்தில் தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். பந்து கிடைக்காது என்று சந்தேகம் வந்தால் முதல் அடி அடிக்கும் இடமான டீயை விட்டு நகருமுன் "தற்காலிகப் பந்து" என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்று அடியுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கண்முன் கிடந்தாலும் பயனில்லை.

திகனைக்கு இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கண்டிக்குக் கிழக்கே, விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த பார் 73 (18 குழிக்கும் 73 அடி என்ற கணக்கு) மைதானம் அது. பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்த அதே நீர், பல குழிகளில் பார்வைக்கு எதிரே விரிந்து கிடக்கும். உயரம் குறைவு என்பதால் பந்து கூடுதலாகப் போவது இரண்டு மூன்று யார்தான். மட்டையை மாற்ற வேண்டியதில்லை. அங்கே தொந்தரவு வெயில். நுவரெலியாவில் ஸ்வெட்டரோடு ஆடிய மறுநாள் திகனையில் பத்து மணிக்குத் தொடங்குகிறவர் 14ஆம் குழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். ஆறரை, ஏழு மணிக்கே தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், உப்புக் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் ஒரு போத்தல். நீண்ட புல்லுக்குள் பந்தை வெறுங்கையால் துழாவக் கூடாது, முதலில் மட்டையால் புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும். பாம்பு உள்ள நாடு.

நுவரெலியாவில் வெயிலே இல்லையே என்று களிம்பு பூசாமல் ஆடுவதும் பிழை. உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிர் கூடும். மூடுபனி சூட்டை மறைக்குமே தவிர அந்தக் கதிரை முழுக்க மறைக்காது. மாலையில் பின்கழுத்தும் காதும் சிவந்து எரிந்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அடுத்தது ஈரம். மலைநாட்டில் ஆட்டத்தின் பாதி இதுதான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை, அதில் ஜூன், ஜூலை மிகவும் கடுமை. வடகீழ்ப் பருவமழை டிசெம்பர், ஜனவரி வரை நீளும். ஓரளவு உலர்ந்த காலம் ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை. அந்த உலர்காலத்திலும் விடியற்காலையில் பனி கொட்டும். சில நாட்களில் உறைபனி படிந்து புல் வெளுத்துக் கிடக்கும். உறைந்த புல்லை மிதித்தால் அதன் உட்கலங்கள் உடைந்து இரண்டொரு நாளில் காலடி வடிவத்திலேயே கருகிவிடும். ஆகவே பணியாளர்கள் ஆட்டத்தைப் பிந்தித் தொடங்கச் சொன்னால் அவர்களோடு வாக்குவாதப்பட வேண்டாம்.

ஈரத் தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், ஓடாது. பந்துக்கு ஒரு விரற்கடை பின்னால் மட்டை மண்ணில் பட்டாலே தூரம் பாதியாகிவிடும். பந்தை வழக்கத்தைவிட அரைப் பந்து அளவு பின்னால் வைத்து, ஒரு மட்டை கூட எடுத்து, முக்கால் வீச்சில் மெதுவாக அடித்தால் தப்பலாம். மட்டை முகத்துக்கும் பந்துக்கும் இடையில் தண்ணீர் புகுந்தால் சுழற்சி விழுந்துவிடும், தூரமும் ஒன்றுபோல வராது. ஒவ்வொரு அடிக்கு முன்னும் மட்டை முகத்தின் பள்ளங்களைத் துடையுங்கள். துவாய் இரண்டு வேண்டும். வெளியே தொங்குவது பந்துக்கும் மட்டைக்கும். பைக்குள் உலர்ந்தபடி இருப்பது கைப்பிடிக்கு மட்டும். தோல் கையுறை நனைந்தால் வழுக்கும். மழைக் கையுறை ஒரு சோடி, அல்லது சாதாரணக் கையுறை மூன்று, தனித்தனிப் பொலித்தீன் பையில்.

மணற்குழியில் மழைக்குப் பின் மணல் சீமெந்து போல இறுகியிருக்கும். அடிப்பாகம் அகன்ற மணற்குழி மட்டையான சாண்ட் வெட்ஜை முகம் விரித்துப் போட்டால் அது துள்ளிப் பந்தின் நடுவில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும். முகத்தை நேராக்கி, அடிப்பாகம் ஒடுங்கிய வெட்ஜால் குட்டையான வீச்சு போதும். முன்விளிம்பு தாழ்வாக இருந்தால் கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டராலேயே உருட்டிவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

விதிகளைத் தெரிந்து வைத்திருந்தால் ஈர நாளில் இரண்டு மூன்று அடிகள் மிச்சமாகும். பந்து விழுந்து தான் தோண்டிய பள்ளத்திலேயே புதைந்துவிட்டால், மணற்குழிக்கும் நீர்நிலை போன்ற தண்டப் பகுதிக்கும் வெளியே, தண்டம் இல்லை: எடுத்துத் துடைத்து, அந்தப் பள்ளத்துக்கு நேர் பின்னாலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்திலிருந்து விடலாம். புதைந்ததை அப்படியே கிண்டி அடித்து மணிக்கட்டை நோகடிப்போர் பலர். தேங்கிய தண்ணீருக்கும் இலவச நிவாரணம் உண்டு. ஆனால் நிற்கும்போது காலைச் சுற்றித் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தரை சதசதவென்று இருப்பது மட்டும் போதாது, பனித்துளியும் உறைபனியும் கணக்கில் இல்லை. மணற்குழிக்குள் தண்ணீர் நின்றால் இலவசமாக விடுவது அந்த மணற்குழிக்குள்ளேயேதான். வெளியே எடுத்துவர ஓர் அடித் தண்டம்.

கிரீனில் செய்ய வேண்டிய ஒரு வேலையை விளக்கமாகச் சொல்கிறோம், ஏனென்றால் நன்மை செய்வதாக நினைத்தே பலர் அதைக் கெடுக்கிறார்கள். ஈரக் கிரீனில் உயரத்திலிருந்து விழும் பந்து பெரிய நெல்லிக்காய் அளவுப் பள்ளம் போடும். அதைச் சரிசெய்யும் சிறு முள்ளைப் பள்ளத்தின் அடியில் குத்தி நெம்பித் தூக்கக் கூடாது. தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் வாரக்கணக்கில் மொட்டையாகக் கிடக்கும். பள்ளத்தின் ஓரத்துக்குச் சற்று வெளியே முள்ளைச் சாய்வாகக் குத்தி, நல்ல புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் அப்படிச் செய்து, பட்டரின் அடியால் இலேசாகத் தட்டிச் சமன் செய்தால் சில நாளில் மூடிவிடும். தன் பள்ளத்தோடு பக்கத்துப் பள்ளம் ஒன்றையும் சரிசெய்துவிட்டுப் போகிறவரைக் கெடிமார் அடுத்த முறையும் அடையாளம் வைத்திருப்பார்கள்.

மலைக் கிரீனின் சாய்வு கண்ணை ஏமாற்றும். பின்னணியில் மலை நிற்பதால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். கிரீனுக்கு ஏறி வரும்போதே, ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் வடியும் என்று பார்த்துவிடுங்கள். பொதுவாகப் பந்து மலையை விட்டு விலகி, தாழ்ந்த பக்கம் திரும்பும். திகனையில் நீர்த்தேக்கப் பக்கம். காலைப் பனியில் பந்து பாதி வழியில் நின்றுவிடும். பதினொரு மணிக்கு அதே தள்ளல் குழியை மூன்று அடி தாண்டும்.

இதையெல்லாம் விருந்தினருக்குச் சொல்லக்கூடியவர் பக்கத்திலேயே பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவருகிறார். அவரை வெறும் சுமைக்காரராக வைத்திருப்பதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். ஒவ்வொரு கிரீனையும் மழையிலும் வெயிலிலும் பார்த்தவர் கெடி. தமிழ் பேசும் விருந்தினருக்கு வெளிநாட்டாருக்குக் கிடைக்காத வசதி ஒன்று உண்டு: நுவரெலியாவில் பல கெடிமார் தமிழ் பேசுபவர்கள், சாய்வையும் காற்றையும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருக்காமல் முழுதாகச் சொல்ல அவர்களால் முடியும். முதல் டீயிலேயே உங்கள் மட்டைகளின் தூரத்தைச் சொல்லுங்கள்: ஊரில் 7ஆம் அயன் எவ்வளவு, ட்ரைவர் எவ்வளவு, பந்து எந்தப் பக்கம் வளையும். இரண்டு குழிக்குள் அவர் உங்களை அளந்துவிடுவார். அதன்பின் மட்டையை அவரே எடுத்து நீட்டினால் நம்பி அடியுங்கள். ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லியோ, கைதட்டியோ கூப்பிட வேண்டாம். "அண்ணே" என்று கூப்பிட்டால் போதும்.

விதியும் ஒன்று இருக்கிறது. நீங்கள் அடிக்க நிலையெடுக்கத் தொடங்கியபின், கெடி உங்கள் பந்துக்குப் பின்னால் குறிக்கோட்டில் நின்று நேர் பார்க்கக் கூடாது. அப்படி நின்றால், நீங்கள் விலகி மீண்டும் நிலையெடுத்தால் ஒழிய, உங்களுக்கு இரண்டு அடித் தண்டம். பல விருந்தினர் வற்புறுத்தி இதைச் செய்யவைத்துவிட்டு, போட்டியில் மாட்டியபின் கெடியைக் குறை சொல்கிறார்கள்.

கூலி விடயத்தில் குழப்பம் வேண்டாம். கிரீன் கட்டணத்தில் கெடியின் கூலி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று முற்பதிவின்போதே கேளுங்கள். அன்பளிப்பை அவர் கையிலேயே கொடுங்கள், வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மழையால் ஒன்பது குழியோடு ஆட்டம் நின்றாலும் அவருடைய அரை நாள் போனது போனதுதான்.

இடியைப் பற்றி நேராகவே எழுதுகிறோம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மலையில் இடி மின்னல் வழக்கம். நுவரெலியா மைதானத்தை ஒட்டியே மேஜர் ரொஜர்ஸின் கல்லறை இருக்கிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தவர் அவர். மின்னல் தெரிந்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியாமல் திரும்பக் கூடாது. மின்னல் ஆபத்து என்று ஆட்டக்காரர் நியாயமாக நினைத்தால் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தலாம், தண்டம் கிடையாது. மைதானத்தில் ஊதும் நீண்ட ஒற்றைச் சங்கு உடனே நிறுத்து என்பதற்கு. மூன்று தொடர் ஒலி கேட்டால் ஆடும் குழியை முடித்துவிட்டு நிறுத்தலாம். இரண்டு குறுகிய ஒலி மீண்டும் தொடங்குவதற்கு. சைப்பிரஸ் மரத்தடியில் ஒதுங்குவதும் குடையை விரித்துப் பிடிப்பதும் உயிருக்கு ஆபத்து. கோல்ப் வண்டியின் கூரை காப்பாற்றாது. கட்டடம், இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார். பையைப் போட்டுவிட்டு நடக்கும்படி கெடியிடம் நீங்களே சொல்லுங்கள். விருந்தினர் சொல்லாமல் அவர் பையைக் கீழே வைக்கத் தயங்குவார்.

பயண ஏற்பாட்டில் சில. கண்டியிலிருந்து நுவரெலியா வரும் வீதியின் ரம்பொடை வளைவுகளில் பை டிக்கியில் உருண்டு மட்டைத் தலைகள் ஒன்றோடொன்று மோதும்; தலைகளுக்கிடையில் துவாயைச் செருகிக் கட்டுங்கள். ரயிலில் நானுஓயாவில் இறங்குவோர் அங்கிருந்து எட்டுக் கிலோமீற்றருக்கு வாகனத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். மட்டை வாடகைக்கு எடுப்பவர் இடக்கைக்காரர் என்றால் முன்பே சொல்ல வேண்டும், பல இடங்களில் அந்தத் தொகுதி இருக்காது. கொலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத காற்சட்டை, மென்முள் சப்பாத்து. ஏப்ரல் சீசனில் முற்பதிவு இல்லாமல் வந்து வாசலில் நிற்காதீர்கள்.

கழக நிர்வாகங்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: உயரக் கணக்கு, சங்கு ஒலிகளின் பொருள், கெடிக்கான கூலி, புதைந்த பந்துக்கும் தேங்கிய தண்ணீருக்குமான விதி, இந்த நான்கையும் ஒரே தாளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்டு, ஸ்கோர் கார்ட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளை எழுதும்போது மூத்த கெடிமாரைக் கூப்பிட்டு வைத்து எழுதுங்கள். தங்கள் பத்திரிகையும் ஏப்ரல் சீசன் பக்கங்களில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தய விபரங்களோடு இடி மின்னல் எச்சரிக்கையையும் அந்தச் சங்கு ஒலிகளையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கோல்ப் ஆட்டத்தோடு பழகிய வாசகர்கள்,
நுவரெலியா.